எதிரே உட்கார்ந்திருப்பவனின் பாஷை

தாய்மொழியை விட்டு இன்னொரு பாஷையில் எழுதுகிறவன் தார்மீகக் குற்றம் எதையாவது செய்கிறானா? கேள்வி பழையது. நம் வட்டத்தில் இது எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் தயாராகக் காத்திருக்கின்றன. ஒன்று, அது துரோகம். மற்றது, கலைஞனுக்கு பாஷை ஒரு கருவிதான். உளி எந்த ஊர் இரும்பு என்று யார் பார்க்கிறார்கள்? முதல் பதிலைச் சொல்பவர்கள் அநேகமாக ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கியவர்களை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தில் பாதி ராயல்டி மீதுள்ள கோபம். இரண்டாவது பதிலைச் சொல்பவர்கள் வேறு பாஷையில் ஒரு பக்கம்கூட எழுதிப் பார்த்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

உளி விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். நான் வேலை பார்க்கும் அரும்பாவூரில் மரச்சிற்பிகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். சாமி சிலைகளும் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் இங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. 2020 இல் அவர்கள் வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகையையும் வேம்பையும் அவர்கள் கையாளுவதைப் பார்த்தால் ஒன்று புரியும். உளியை மாற்றிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. மரத்தை மாற்றினால் வேலையே மாறிவிடுகிறது. ரேகை ஓடும் திசையை மீறிப் போனால் மரம் பிளந்துவிடும். எழுதுகிறவனுக்கு பாஷை உளியின் இடத்தில் அல்ல, மரத்தின் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே கருவி என்ற வாதத்தை நான் இனித் தொடப்போவதில்லை.

துரோகம் என்ற வாதம் அவ்வளவு எளிதில் தீராது. நண்பர் ஒருவர் கடிதத்தில் கே. மாதவனைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தார். பாண்டிச்சேரியில் பிறந்தவர். தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தவர். நாடகாசிரியர், இயக்குநர், கதாசிரியர். எழுதியது பிரெஞ்சில். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அவர் பெயரின் முடிவில் நமக்கு உச்சரிக்கத் தேவையில்லாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மகாபாரதத்தைப் பெண்களின் பக்கமிருந்து சொல்லும் நாடகம் ஒன்று எழுதியிருக்கிறார். ‘காசியில் மரிப்பது’ என்று பொருள்படும் தலைப்புள்ள அவருடைய சிறுகதைத் தொகுப்பு 2018 இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் நம்மில் சிலருக்கு அவர் பெயரே தெரியவந்தது. நண்பரின் குற்றச்சாட்டு இது: திரௌபதி அம்மன் கோயில்களில் விடியவிடிய பாரதக்கூத்து நடக்கிற மண்ணிலிருந்து வந்தவர், அந்தக் கதையை அந்த மண்ணுக்குத் தெரியாத பாஷையில் யாருக்காகச் சொல்கிறார்?

‘யாருக்காக’ என்பதுதான் சரியான சொல். நண்பர் அதைத் திட்டுவதற்காகப் பயன்படுத்திவிட்டார், அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வெறும் பாஷையாக ஒருநாளும் இருந்ததில்லை. அது ஒரு சட்ட அந்தஸ்து. 1873 இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக அபராதம் விதிக்கப்பட்டார். பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 ஆம் வருஷ ஆணை, தங்கள் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கிறவர்களுக்கு முழுக் குடியுரிமை தருவதாகச் சொன்னது. துறந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லா போர்த், அதாவது கதவு. கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டிருந்த பலருக்கு அந்தக் கதவு நிஜமான கதவாகவே இருந்தது என்பதை, தாய்மொழி தாய்மொழி என்று மார்தட்டுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தாய்மொழி சிலரைத் திண்ணையில்கூட உட்காரவிடவில்லை.

அதே ஊரில், அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பு, நேர்மாறான ஒருவர். துய்ப்ளெக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்களுக்கு மத்தியிலேயே வாழ்ந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்! பேச்சும் வழக்கும் கச்சேரிச் சொல்லும் பறங்கிச் சொல்லும் கலந்து, புலவர்கள் தொட அஞ்சும் தமிழ். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்களை அதிலிருந்து எடுத்தார். ரங்கப் பிள்ளையை மொழிப்பற்றாளர் என்று நாம் கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. எதிரே ஆள் இல்லாததால்தான் அவர் அப்படி எழுத முடிந்தது. கவர்னர் படிக்கப்போவதில்லை, புலவர் படிக்கப்போவதில்லை. எதிரே யார் இருக்கிறான் என்பதே ஒருவன் எழுதும் பாஷையைத் தீர்மானிக்கிறது. பற்றும் துரோகமும் பிறகு நாம் ஒட்டும் லேபிள்கள்.

இந்தப் பிரச்னையைத் தன் வாழ்க்கை முழுவதாலும் எழுதிக் காட்டியவன் பாண்டிச்சேரிக்காரன் அல்ல, அல்ஜீரியாக்காரன்: காதெப் யாசின். ஆனால் அவனுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாண்டிச்சேரியின் நிர்வாகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவிடம் ஒப்படைத்த நாள் 1954 நவம்பர் 1. அதே நாளில்தான் அல்ஜீரிய விடுதலைப் போரின் முதல் குண்டுகள் வெடித்தன. பாண்டிச்சேரிக்கான ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தாகியும், அல்ஜீரியப் பிரச்னை முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை அங்கீகரிக்காமல் இழுத்தடித்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலையடைந்தது. ஆகஸ்ட் 16 இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவுடையதாயிற்று. இங்கே கையெழுத்து, அங்கே எட்டு வருஷ ரத்தம். இங்கே பிரெஞ்சு ஒரு கௌரவமான ஞாபகமாக மிஞ்சியதற்கும் அங்கே அது ஆறாத புண்ணானதற்கும் காரணம் இதில் இருக்கிறது.

காதெப் யாசின் 1929 இல் கான்ஸ்டன்டின் நகரில் பிறந்தான். தகப்பனார் முஸ்லிம் சட்டம் அறிந்த வக்கீல். முதலில் குர்ஆன் பள்ளி. பிறகு, ஆளுகிறவன் பாஷையை அறியாமல் பிழைக்க முடியாது என்று தகப்பனாரே அவனைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். ஓநாயின் வாய்க்குள் போனது போல என்று பின்னால் யாசின் இதை நினைவுகூர்வான். வீட்டில் கதையும் பாட்டும் நடிப்புமாக நாடகத்தின் முதல் ஊற்றாக இருந்தது அம்மா. மகன் பிரெஞ்சுப் புத்தகத்துக்குள் போய்விட்ட பிறகு, அவனைத் திரும்பப் பிடிக்க வழி தெரியாமல் அவளும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள முயன்றிருக்கிறாள். 1966 இல் வெளிவந்த ‘நட்சத்திரப் பலகோணம்’ என்ற புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதைச் சொல்கிறான். தொப்புள்கொடி இரண்டாம் முறை அறுபட்டதாகவே அவன் அதை உணர்கிறான். நம் ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும் தாய்களை அறிந்தவர்களுக்கு இந்த இடத்துக்கு அடிக்குறிப்பு வேண்டாம்.

1945 மே 8. ஐரோப்பாவில் நாஜிகள் வீழ்ந்த நாள். செதீஃப் நகரில் அல்ஜீரியர்கள் தங்களுக்கும் விடுதலை கேட்டு ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிச் சூடு, பிறகு வாரக்கணக்கில் படுகொலை. பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் யாசின் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டான். மகன் சுட்டுக்கொல்லப்பட்டான் என்று நம்பிய அம்மாவின் புத்தி பேதலித்தது, அது திரும்பவேயில்லை. ஆக, அவனுக்குக் கதை சொன்ன பாஷை உயிரோடிருந்தும் இல்லாமல் போயிற்று. எஞ்சியது ஓநாயின் பாஷை. அதில் எழுதினான். 1946 இல் கவிதைகள், பிறகு ‘அல்ஜே ரெபுப்ளிகேன்’ பத்திரிகையில் நிருபர் வேலை (அதே பத்திரிகையில் அதற்குப் பத்து வருஷம் முன்பு காம்யு வேலை பார்த்தார்), தகப்பனார் இறந்தபின் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை, பிறகு பாரிஸ்.

1956 இல், போர் உச்சத்திலிருக்கும்போது, பாரிஸில் ‘நெஜ்மா’ நாவல் வெளிவந்தது. நான்கு இளைஞர்கள், எல்லோரும் சுற்றிச்சுற்றி வரும் ஒரு பெண். அவள் பெயருக்கு நட்சத்திரம் என்று பொருள். அவள் காதலி, உறவுக்காரி, தகப்பன் யாரென்று நிச்சயமில்லாதவள், ஒரு தேசமும்கூட. காலம் நேராக ஓடாது. முதலில் வந்த சண்டை கடைசியில் மறுபடி வரும். பதிப்பாளர்கள் முன்னுரை ஒன்று சேர்த்து, அரபு மனம் வட்டமாகச் சிந்திக்கும், பிரெஞ்சு வாசகரே பொறுத்தருள்க என்கிற மாதிரி விளக்கம் சொன்னார்கள். ஃபாக்னருக்கு இப்படி யாரும் முன்னுரை எழுதவில்லை. மே 8 இல் சிதறிய ஒருவனின் ஞாபகம் வேறெப்படி ஓடும்? ஆனால் முன்னுரை ஓர் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. அந்த நாவலின் எதிரே உட்கார்ந்திருந்தவன் பிரெஞ்சுக்காரன். நெஜ்மாக்களும் அவர்கள் தாய்களும் அதைப் படிக்க இயலாதவர்கள். தங்களைப் பற்றி இவ்வளவு மகத்தான ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் அவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

நாவல் இதைத் தாங்கும். நாவலாசிரியனுக்கு வாசகன் எப்போதும் இல்லாத இடத்தில் இருப்பவன். இன்றைக்குப் படிக்காவிட்டால் நாளைக்கு, மகன் படிக்காவிட்டால் பேரன். மொழிபெயர்ப்பு என்ற ஒரு பின்வாசலும் உண்டு. எழுதப்பட்டவனுக்கும் எழுதியவனுக்கும் இடையிலுள்ள கடனை நாவல் காலவரையறையின்றித் தள்ளிப்போட அனுமதிக்கிறது. (இப்படித் தள்ளிப்போட்ட கடன்களுக்கு என் தொழிலில் வேறு பெயர் உண்டு.) நாடகத்தில் இது நடக்காது. திரை விலகினால் எதிரே ஆட்கள் இருக்கிறார்கள், அல்லது இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள், அல்லது பக்கத்திலிருப்பவனை ‘என்ன சொல்றான்?’ என்று கேட்கிறார்கள். பாஷைப் பிரச்னையில் நாவலாசிரியன் ஒளிந்துகொள்ள இடமுண்டு, நாடகாசிரியனுக்கு இல்லை. இரண்டுமாக இருப்பவனைத்தான் இந்தக் கேள்வி உண்மையில் பிய்த்துப்போடும்.

யாசினைப் பிய்த்தது. ‘சுற்றிவளைக்கப்பட்ட பிணம்’ என்ற அவனுடைய நாடகம் 1954-55 இல் ‘எஸ்ப்ரி’ பத்திரிகையில் வந்தது. போர்க்காலப் பிரான்ஸில் பகிரங்கமாகப் போட முடியாத அதை ழான்-மரி செரோ 1958 இல் ப்ரஸ்ஸல்ஸில் மேடையேற்றினார். இதே செரோ நடத்திய பாபிலோன் அரங்கில்தான் 1953 ஜனவரியில் பெக்கெட்டின் ‘கோதோ’ முதல்முதலாக நிகழ்ந்தது. பெக்கெட்டும் பிரெஞ்சு தாய்மொழியல்லாதவர், நாவலும் நாடகமும் எழுதியவர். இருவரையும் ஒரே மூச்சில் ‘பிரெஞ்சை ஏற்றவர்கள்’ என்று சொல்லிவிடுகிற வழக்கம் உண்டு. எனக்கு அது அபத்தமாகப் படுகிறது. பெக்கெட் தன் ஆங்கிலத்தின் அளவுமீறிய சாமர்த்தியத்திலிருந்து தப்பிக்கப் பிரெஞ்சுக்குள் போனார். தானே மொழிபெயர்த்து ஆங்கிலத்துக்குத் திரும்பியும் வந்தார். இரண்டு வீட்டுச் சாவியும் அவர் பையிலேயே இருந்தது. அது துறவு, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. யாசினிடம் யாரும் சாவி கொடுக்கவில்லை. பிரெஞ்சு நாங்கள் போரில் கைப்பற்றிய பொருள் என்று அவன் சொன்னதை இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கொள்ளைப் பொருள் தோளில் கனக்கும் என்பதை அவன் வாழ்க்கை சொல்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாசின் அல்ஜீரியாவுக்குத் திரும்பினான். ஹோ சி மின்னைப் பற்றிய பிரெஞ்சு நாடகம் 1970 இல் வெளிவந்திருந்தது. அதோடு நிறுத்தினான். ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு பேச்சு அரபியில் நாடகம் போடத் தொடங்கினான். முதல் நாடகம், பிழைப்புக்காகப் பிரான்ஸ் போகும் கூலிகளைப் பற்றியது: ‘முகம்மதே, பெட்டியை எடு’, 1971. தொழிற்சாலைகளில், கிராமங்களில், பிரான்ஸிலேயே புலம்பெயர்ந்த தொழிலாளிகளுக்கு முன்னால் நடந்தது. பாட்டு, கேலி, நம் தெனாலிராமனின் உறவுக்காரனான ஜுஹாவின் கோமாளித்தனம். காட்சிகள் ஊருக்கு ஊர் மாறின. ஓர் இரவில் பார்வையாளன் சொன்ன வார்த்தை மறுநாள் நாடகத்தில் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் திரும்பியது ‘அரபு’க்கு அல்ல. விடுதலை பெற்ற அரசு ஆட்சிமொழியாக ஏற்றியது செவ்வியல் அரபை. அது எந்தத் தாயும் தாலாட்டாத பாஷை. யாசின் அதையும் ஒதுக்கினான். பெர்பர் மக்களின் தமஸிக்கை அரசு நசுக்குவதை வெளிப்படையாக எதிர்த்தான். இதனால் மதவாதிகளும் தேசியவாதிகளும் அவனை ஒருசேர வெறுத்தார்கள். 1978 இல் தலைநகரத்திலிருந்து வெகுதூரத்தில் சிதி பெல் அபெஸ் பிராந்திய அரங்கின் இயக்குநராக அனுப்பப்பட்டான், மரியாதையான நாடுகடத்தல்.

இந்த இடத்தைப் பாரிஸ் வாசகனைவிட நாம் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். சில மாதங்களுக்கு முன் பச்சைமலை அடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர், சின்ன வெங்காயம் போட்டு நஷ்டப்பட்டவர், கவுண்டரில் ஓர் அறிவிப்பை நீட்டினார். நல்ல தமிழில் அச்சடித்தது. வாசித்துக் காட்டச் சொன்னார். ‘மேற்படி தொகை நிலுவையிலுள்ளபடியால் கெடு தேதிக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் அடகு வைக்கப்பட்ட ஆபரணங்கள் பகிரங்க ஏலத்தில் விற்பனை செய்யப்படும்’ என்று வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க சார், தமிழ்ல சொல்லுங்க” என்றார். “இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டலேன்னா நகைய ஏலம் விட்டுடுவாங்கய்யா” என்றேன். “இத எழுதியிருக்கலாமில்ல” என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அவருக்கு அந்த அறிவிப்பு பிரெஞ்சு. அது மட்டுமல்ல, நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அவருக்குப் பிரெஞ்சுதான். இந்தப் பத்திரிகையின் எந்தப் பக்கத்தை அவரிடம் வாசித்துக் காட்டினாலும் அவர் அதே கோரிக்கையை வைப்பார். முந்நூறு பேருக்கு, அதிலும் பாதி நமக்குள் நாமே, எழுதிக்கொண்டிருக்கும் நாம், மாதவன் யாருக்காக எழுதுகிறார் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நண்பர் அதைக் கண்ணாடி முன் நின்று கேட்டிருக்கலாம். தில்லியில் பிரெஞ்சு படிக்கும் மாணவர்களும் பிரெஞ்சு தெரிந்த சிலரும் மாதவனின் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். அந்தச் சிலருக்கு அவர் நேர்மையாக இருக்கிறாரா என்பதே அவரிடம் கேட்க வேண்டியது. அம்மன் கோயில் கூத்துக்காரன் கேட்க வேண்டிய கேள்வியை நாம் அவனுக்காகக் கேட்பதில் கொஞ்சம் போலித்தனம் இருக்கிறது. அவன் நம்மிடமும் அதையே கேட்கலாம்.

தமிழில் இந்தக் கேள்வியின் சூட்டை உணர்ந்தவர் ந. முத்துசாமி. ‘எழுத்து’வின் வழிவந்த சிறுகதைக்காரர், புரிசையின் தெருக்கூத்தைக் கண்டு அதிர்ந்து, 1977 இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கூத்தின் உடம்பை அவர் எடுத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்களாகவே இருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. இது குறையா என்று கேட்டால், பாதிதான். யாசின் நேர்மாறாகச் செய்தான்: எதிரே உட்காருபவர்களை முதலில் முடிவு செய்தான், உடம்பையும் பாஷையையும் அவர்கள் தரட்டும் என்று விட்டான்.

அதற்கு அவன் கொடுத்த விலையைப் பற்றி அவனுடைய அபிமானிகள் அதிகம் பேசுவதில்லை. 1966 க்குப் பிறகு நாவல் இல்லை. ‘நெஜ்மா’வை எழுதியவன் இருபத்து மூன்று வருஷம் நாவல் எழுதாமல் இருந்து செத்தான். பேச்சு அரபி நாடகங்களை நான் பார்த்ததில்லை. படிக்கக் கிடைத்தவற்றைக் கொண்டு சொன்னால், அவை கூர்மையானவை, குதூகலமானவை, சில இடங்களில் பத்திரிகைத் தலையங்கத்துக்குப் பாட்டுக் கட்டியது போன்றவை. ‘நெஜ்மா’வின் இருட்டு அவற்றில் இல்லை. நாலாயிரம் கூலிகள் சிரித்தார்கள் என்பது அந்த இருட்டுக்கு ஈடாகுமா? ஆகும் என்று சொல்பவர்கள் கலையை அறியாதவர்கள்; ஆகாது என்று சொல்பவர்கள் அந்தக் கூலிகளைக் கணக்கில் சேர்க்காதவர்கள். ஒருவன் இரண்டையும் அறிந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. தாய் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவனுக்கு, அவள் கேட்கும் நிலையில் இல்லாதபோதும், கடைசிவரை இருந்தது.

எண்பதுகளில் பிரான்ஸ் அவனுக்குத் தேசிய இலக்கியப் பரிசு கொடுத்தது. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டையொட்டி ரோபெஸ்பியரைப் பற்றி நாடகம் கேட்டார்கள். பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தான். எதிரே உட்காரப்போவது பிரெஞ்சுக்காரர்கள், அதனால் பிரெஞ்சு. இதைச் சரணாகதி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலிகளுக்கு முன்னால் அவன் கடைப்பிடித்த அதே விதிதான் இங்கும். 1989 அக்டோபர் 28 இல் கிரெனோபிள் நகர மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். உடல் அல்ஜியர்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே புதைக்கப்பட்டது.

பேச்சு அரபி நாடகங்கள் அவன் இருந்தவரை புத்தகமாகவில்லை. நடிகர்களின் வாயிலும் ஒலிநாடாக்களிலும் கைப்பிரதிகளிலும் கிடந்தன. 1999 இல் அவற்றில் சிலவற்றைச் சேர்த்து ‘நம்பிக்கையின் கசாப்புக்கடை’ என்ற தொகுப்பு வந்தது. வந்தது பாரிஸில், ‘நெஜ்மா’வை வெளியிட்ட அதே பதிப்பகத்திலிருந்து, பிரெஞ்சில்.